தொழிற்பூங்கா: சேரிக்குக் கிடைக்கும் ஒரே ஒரு நாள்

‘கா’ என்றால் சோலை. பூத்துக் கிடக்கும் சோலை பூங்கா. இந்தச் சொல்லைத்தான் இன்று அரசு, ரசாயன ஆலையும் தோல் ஆலையும் வரிசையாக நிற்கிற இடத்துக்குச் சூட்டியிருக்கிறது. தொழிற்பூங்கா, ஜவுளிப் பூங்கா, உணவுப் பூங்கா என்று ஆண்டுதோறும் புதிது புதிதாக அறிவிப்புகள் வருகின்றன. தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு; அது கிடக்கட்டும். அப்படி ஒரு பூங்கா வருவதற்கு முன்னால் நடக்கிற பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

பூங்கா அறிவிக்கப்பட்டதும் டீக்கடையில் இரண்டு பேச்சுதான் நடக்கும். ஏக்கருக்கு எவ்வளவு தருவார்கள்? யாருக்கு வேலை கிடைக்கும்? முதல் கேள்வி நிலம் வைத்திருப்பவருடையது. இரண்டாவது கேள்விக்கு நிறுவனம் சொல்வதுதான் பதில். அந்த நிலத்தில் நாற்று நட்டவர், களை எடுத்தவர், அங்கே ஆடு மேய்த்தவர் என்ன ஆவார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. நம் வட்டாரங்களில் அவர் பெரும்பாலும் காலனியில்தான் குடியிருக்கிறார்.

நிலம் எடுக்கும்போது நடக்கும் விசாரணையும் சுற்றுச்சூழலுக்காக நடக்கும் கருத்துக் கேட்பும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் நம் மக்கள் இரண்டிலுமே பேசாமல் போய்விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி. அதில் அறிவிக்கை போவது நில உரிமையாளருக்கும், அந்த நிலத்தில் அக்கறை உடையவர் என்று அரசு கருதுகிறவருக்கும்தான். கூலிக்காரரை அப்படி யாரும் கருதுவதில்லை. ஆனால் மத்திய அரசின் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், அதற்காகக் கிராமத்திலேயே கூட்டம் போட்டு மக்களைக் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலிக் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. நிலமற்றவரைச் சட்டம் கண் திறந்து பார்த்த இடம் அது.

தமிழ்நாடு அரசு அந்தச் சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மாநிலத்தின் மூன்று சட்டங்களுக்கு விலக்குப் பெற்றுக்கொண்டது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மூன்றில் ஒன்று. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. உடனே அதே ஆண்டில் சட்டமன்றத்தில் புதிய சட்டம் நிறைவேறியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. இழப்பீட்டுத் தொகையில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலன் உண்டு. ஆனால் சமூகத் தாக்க மதிப்பீட்டுக் கூட்டம் கிடையாது. இந்த விலக்கைக் கொண்டுவந்ததிலும் காப்பாற்றியதிலும் மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளுக்கும் மனவேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

எனவே பட்டா இல்லாத ஒருவர் எழுந்து நின்று ஒலிவாங்கியில் பேசி, அது அரசுப் பதிவில் ஏறுவதற்கு மிச்சமிருப்பது சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பு மட்டும்தான். அதுவும் எல்லாப் பூங்காவுக்கும் கிடையாது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006 செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. மாசு அதிகமுள்ளவை என்று அந்த அறிவிக்கை ஏ, பி எனப் பட்டியலிட்ட தொழில் எதுவும் உள்ளே வராது, பரப்பும் 500 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் அந்தப் பூங்காவுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. 500 ஹெக்டேர் என்றால் சுமார் 1,235 ஏக்கர். நம் மாவட்டங்களில் அறிவிக்கப்படும் பூங்காக்களின் பரப்பு இந்த எண்ணுக்குக் கீழே எப்படி நின்றுகொள்கிறது, பிறகு ‘இரண்டாம் கட்டம்’, ‘மூன்றாம் கட்டம்’ என்று எப்படி வளர்கிறது என்பதை மாணவர்கள் கவனித்துப் பார்க்கலாம்.

இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. அனுமதி பெற்ற தொழிற்பூங்காவுக்குள் வரும் ஆலைகளுக்கு, அந்த அனுமதியில் தடுக்கப்படாத தொழிலாக இருந்தால், தனியாகக் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை. பூங்காவுக்கு ஒருமுறை கேட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே பத்து ஆலை வந்தாலும் ஐம்பது வந்தாலும் ஊரைக் கேட்கத் தேவையில்லை. ஒரே ஒரு நாள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

தூத்துக்குடியை மறந்திருக்க மாட்டோம். ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் இரண்டாவது அலகுக்குக் கருத்துக் கேட்பு இல்லாமலே அனுமதி கிடைத்தது. அது சிப்காட் வளாகத்துக்குள் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். 2014 டிசம்பரில் மத்திய அமைச்சகமே ஒரு குறிப்பாணை போட்டு, 2006க்கு முந்தைய பழைய தொழிற்பேட்டைகளுக்கும் இந்தச் சலுகை உண்டு என்றது. அந்தப் பேட்டைகள் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவையே அல்ல. அந்தக் குறிப்பாணையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 ஜனவரியில் ரத்து செய்தது. 2018 மே 22ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மறுநாள் மே 23ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இரண்டாவது அலகின் கட்டுமானத்தை நிறுத்தியது. கட்டாயம் மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகே விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. ஒரு கூட்டம் நடத்தச் சொல்லி உத்தரவு வருவதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இனி கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று பார்ப்போம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளும் இடமும் குறித்து, ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு தமிழ் நாளேட்டிலும் விளம்பரம் செய்ய வேண்டும். கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் வருவது சுருக்கம் மட்டும். 2020இல் மத்திய அரசு புதிய வரைவு அறிவிக்கை கொண்டுவந்தபோது இந்த 30 நாளை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவே இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வெளிவந்தது. எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

நாளேடு போய்ச் சேராத இடங்களில் வேறு வழியில் சொல்ல வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு அறிவிக்கை. அதற்கு அது காட்டும் உதாரணங்களில் ஒன்று, பறை அடித்துச் சொல்வது. டெல்லியில் உட்கார்ந்து இதை எழுதிய அதிகாரிக்கு, தமிழ்நாட்டுக் கிராமத்தில் யார் கையில் அந்தப் பறை கொடுக்கப்பட்டது என்பது தெரிந்திருக்காது. செய்தியை ஊருக்கெல்லாம் கொண்டுபோகும் வேலை நம்முடையது; அந்தச் செய்தியில் நமக்கு ஒன்றும் இருக்காது. 2022 ஆகஸ்டில் தண்டோரா முறைக்குத் தடை விதித்த தமிழ்நாடு அரசு, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் அந்த ஆட்டோ எந்தத் தெரு வரை வருகிறது? பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை, ஊர்க் கோயில் முன்பு ஒருமுறை சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிற ஆட்டோக்களை நாம் பார்த்திருக்கிறோம். காலனித் தெருவுக்குள் வந்து அறிவிக்க வேண்டும் என்று வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் முன்கூட்டியே மனு கொடுக்கலாம். பிறகு வரவில்லை என்றால், அதையே கூட்டத்தில் முதல் ஆட்சேபமாகப் பதிவு செய்யலாம்.

திட்டம் வரும் இடத்திலோ அதை ஒட்டியோ கூட்டம் நடக்க வேண்டும் என்பது விதி. நடப்பதோ பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில், வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மண்டபத்துக்குள் முன்வரிசை நாற்காலிகளில் யார் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நம் பெண்கள் கடைசியில் தூண் ஓரமாக நிற்பார்கள், அல்லது வெளியே மரநிழலில் இருப்பார்கள். ஒலிவாங்கி அதுவரை வராது.

இதில் மனதை உறுத்துகிற ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். காலனி மக்கள் இந்தக் கூட்டங்களுக்கு வராமல் இல்லை. வருகிறார்கள், அழைத்து வரப்படுகிறார்கள். நிறுவனத்தின் வேனில் ஒரு கூட்டம், ‘வேலை தருகிறோம், வரவேற்றுக் கை தட்டுங்கள்’ என்று. நிலக்காரரின் டிராக்டரில் ஒரு கூட்டம், ‘விவசாயம் அழியுது, வந்து கோஷம் போடுங்கள்’ என்று. இரண்டு பக்கமும் நம்மைத் தலை எண்ணிக்கைக்குத்தான் கூப்பிடுகிறது.

நமக்கு ஆலை என்றாலே ஆகாது என்பதில்லை. ஆண்டை வீட்டுக் கழனியில் கைகட்டி நின்ற தகப்பனின் மகன், அடையாள அட்டை போட்டுக்கொண்டு கம்பெனிப் பேருந்தில் ஏறுவதைச் சின்ன விஷயமாக நாம் நினைக்கவில்லை. ‘விவசாயத்தைக் காப்போம்’ என்ற முழக்கத்தில் யாருடைய விவசாயம், எந்தக் கூலிக்கு என்ற கேள்வி நமக்கு எப்போதும் உண்டு. அதே நேரத்தில் செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்காக 3,174 ஏக்கர் எடுப்பதை எதிர்த்தவர்களில் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தபோது, அது தவறு என்று சொல்ல நாம் தயங்கவில்லை. ஆறு பேர் மீதான நடவடிக்கையை அந்த மாதமே அரசு திரும்பப் பெற்றது. கூட்டத்தில் சேரிக்கு என்று தனியாக ஒரு குரல் வேண்டும் என்பதுதான் நாம் சொல்வது. அது நிறுவனத்துக்கும் நிலக்காரருக்கும் பின்பாட்டாக இருக்கக் கூடாது.

அந்தக் குரல் எதைப் பேச வேண்டும்? முதலில் கூலி. அந்த ஆயிரம் ஏக்கரில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை இருந்தது, எத்தனை பெண்கள் போனார்கள் என்று காலனியிலேயே ஒரு நோட்டில் கணக்கெடுத்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் இரண்டு நாளில் செய்து முடிப்பார்கள். ‘இது சுற்றுச்சூழல் கூட்டம், வேலை பற்றி இங்கே பேசாதீர்கள்’ என்று மேடையிலிருந்து சொல்லக்கூடும். மதிப்பீட்டு அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதே அறிவிக்கை தரும் பட்டியலில் சமூகத் தாக்க மதிப்பீடும் மறுவாழ்வுத் திட்டமும் இருக்கின்றன. தைரியமாகப் பேசலாம். ‘பட்டா உள்ளவர்கள் மட்டும் பேசுங்கள்’ என்றாலும் உட்கார வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வந்திருக்கிற எவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது.

அடுத்து புறம்போக்கு. அறிக்கையில் ‘தரிசு’, ‘பயன்பாடற்ற நிலம்’ என்று இருக்கும். அங்கேதான் நம் ஆடு மாடு மேய்கிறது, விறகு கிடைக்கிறது, நம் சுடுகாட்டுக்குப் பாதை போகிறது. சுற்றுச்சுவர் எழும்பிய பிறகு பிணத்தை எந்த வழியாகக் கொண்டுபோவது என்ற சண்டை எத்தனை கிராமங்களில் சாதிச் சண்டையாக மாறியிருக்கிறது என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சுடுகாட்டுப் பாதையை வரைபடத்தில் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பஞ்சமி நிலம் தனிக் கதை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அது. வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. இன்று அதில் பெரும்பகுதி யார் யார் பெயரிலோ இருக்கிறது. அந்த நிலத்தைச் சிப்காட் எடுத்தால் இழப்பீடு யார் பட்டா வைத்திருக்கிறாரோ அவருக்குப் போகும். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய உரிமை பணமாக மாறி அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதன் பிறகு மீட்புக்கு நிலமும் இருக்காது. பூங்காவுக்கு எடுக்கும் சர்வே எண்கள் அறிக்கையிலேயே இருக்கின்றன. அவற்றில் எவை டி.சி. நிலம், எவை நிபந்தனை ஒப்படை என்று பழைய அ-பதிவேட்டை வைத்துச் சரிபார்க்கும் வரை மேலே போகக் கூடாது என்று எழுத்தில் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டின் நகலை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கழிவைப் பற்றியும் கேட்க வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட குரோமிய ரசாயன ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்தது. அதே சிப்காட்டில் 2015 ஜனவரி 31ஆம் தேதி அதிகாலை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவுத் தொட்டி எங்கே வருகிறது, காலனியிலிருந்து எத்தனை மீட்டர், ஏரியின் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கும். வேலைவாய்ப்பு எண்ணிக்கையையும் பிரித்துக் கேளுங்கள். கட்டுமானக் காலத்துத் தற்காலிக வேலை எவ்வளவு, நிரந்தர வேலை எவ்வளவு, ஒப்பந்தக் கூலி எவ்வளவு?

கூட்டத்தையே புறக்கணித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கோபம் நியாயமானது. ஆனால் விதியைப் பாருங்கள்: இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கருத்துக் கேட்டதாகக் கணக்கு. ரகளை ஆகி, மக்கள் சுதந்திரமாகப் பேசும் சூழல் இங்கே இல்லை என்று அதிகாரிகள் எழுதி அனுப்பினால், கூட்டமே வேண்டாம் என்று மேலே முடிவெடுக்கவும் விதியில் இடமிருக்கிறது. நாற்காலி உடைந்தால் லாபம் யாருக்கு என்பதை அப்புறம் நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பும் இல்லை. ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். வாரிய அதிகாரி கூட இருப்பார். அவர்கள் அனுமதி கொடுப்பவர்களும் இல்லை, மறுப்பவர்களும் இல்லை. என்ன பேசப்பட்டது என்பதை எழுதி மேலே அனுப்புவதுதான் அவர்கள் வேலை. ஆகையால் எல்லாம் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பை முடிவில் தமிழில் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். அதே நாளில் ஆட்சியர் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் அந்த நேரத்தில் நம் மக்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வேனில் ஏறியிருப்பார்கள். நாலு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். சுடுகாட்டுப் பாதை பற்றிச் சொன்னது ‘சில சமூகக் கோரிக்கைகள்’ என்று சுருங்கிவிட்டால் எழுந்து திருத்தச் சொல்ல வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும் என்பதால், சொல்லவில்லை என்று யாரும் மறுக்க முடியாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது தெருப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பேச வராதவர்கள், பேசப் பயப்படுகிறவர்கள், ஆண்டைக்கு முன்னால் நின்று பேச முடியாதவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். கையெழுத்திட்ட மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுதப்பட்டதற்கு மதிப்பு உண்டா என்றால், உண்டு. மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு உண்மையிலேயே பரிசீலித்தது என்பது அதன் குறிப்பில் காரணங்களோடு தெரிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009 நவம்பரில் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் சொல்லியிருக்கிறது. கோவாவின் சுரங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. பதிவில் இல்லாத ஆட்சேபத்தை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது.

கூட்டம் முடிந்து எட்டு நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு, அனுமதி தரும் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் அது ஒட்டப்பட வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் வர வேண்டும். அதன் மேல் கருத்து இருந்தால் நேராக அந்த அதிகாரிக்கே எழுதலாம். கல்லூரியில் படிக்கிற காலனிப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே அதைத் தரவிறக்கிக்கொள்ள முடியும். அன்று எழுதி வைத்த நோட்டையும் இந்தக் குறிப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்து, நம் தெருக்காரர்கள் பேசியது எத்தனை வரி, அதில் எத்தனை வரி ஏறியிருக்கிறது, நிறுவனம் எதற்கெல்லாம் ‘கவனத்தில் கொள்ளப்படும்’ என்று ஒரே பதிலை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விட்டுப்போனதைத் தாளில் எழுதி, சென்னையில் இருக்கும் மாநில ஆணையத்துக்கோ, பூங்கா ஏ பிரிவு என்றால் டெல்லியில் உள்ள அமைச்சகத்துக்கோ, நிபுணர் குழு கூடும் முன் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.